கிடைக்கும் முதல் நேரம்

மாட்டுங்காவில் எங்கள் சங்கத்துக்கு ஒரு மாடி அறை உண்டு. கீழே பூக்கடை. கல்யாண மாலையும் சாவு மாலையும் ஒரே வாளித் தண்ணீரில்தான் கிடக்கும். மாடியில் நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு வேலை. மும்பையில் ஏதாவது ஒரு தமிழர் வீட்டில் யாராவது இறந்துபோனால், அழுகிறவர்களை அழவிட்டு, மற்றதை நாங்கள் கவனிப்போம். வண்டி, ஐஸ் பெட்டி, சான்றிதழ், மயானத்தில் நேரம், தேவைப்பட்டால் தூக்குவதற்கு நாலு தோள். பாட்டு, நாடகம், பட்டிமன்றம் என்று வேலை செய்யும் சங்கங்கள் ஊரில் நிறைய இருக்கின்றன. அங்கெல்லாம் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

எனக்குச் சம்பளம் தருவது ஒரு கணினிக் கம்பெனி. அங்கே என்னை மரியாதையாக ‘சீனியர்’ என்பார்கள். அடுத்த முறை ஆள் குறைக்கும்போது முதலில் பார்க்க வேண்டிய பெயர் என்பது அதன் உரை. அந்த மரியாதை தந்த பயத்தில் நானும் இரண்டு வருடமாக ஏ.ஐ. ஏஜெண்ட் கட்டும் வித்தையைக் கற்றுக்கொண்டிருந்தேன். கற்றதை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே. சங்கம் அகப்பட்டது.

காரணம் இல்லாமலும் இல்லை. சங்கத்து போனை எடுத்துப் பேசிவந்த தொண்டர்கள் எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். ஒவ்வொருவராக அவர்களே எங்கள் சேவையைப் பெற ஆரம்பித்திருந்தார்கள். ஆகவே, செய்தி வந்தால் தானே படித்து, வேண்டியதைக் கேட்டு, வண்டிக்காரருக்கும் ஐஸ் பெட்டிக்காரருக்கும் சொல்லி, மயானத்தில் நேரமும் எடுத்து வைக்கிற ஏஜெண்ட் ஒன்றைச் செய்தேன். அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குத் தமிழிலேயே ஒரு விதிக் கோப்பு. மரியாதையாகப் பேசு, ‘பிணம்’ என்று சொல்லாதே, கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கல்லறைத் தோட்டத்தைக் கேள். இந்த மாதிரி. ஏஜெண்டுக்கு அறிவு என்று எதுவும் கிடையாது. அந்தக் கோப்புதான் அதன் அறிவு, வளர்ப்பு, சாதி சனம் எல்லாம்.

அந்தக் கோப்பை நான் ஒருவனே எழுத முடியாது. சாவு விஷயத்தில் தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் இருப்பது ஒரு ரயில் பாதை மட்டுமில்லை. அதனால் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் தாராவியில் மிக்சர், கடலை மிட்டாய் வியாபாரம் செய்யும் திருநெல்வேலி அண்ணாச்சி. இன்னொருவர் பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற பாலக்காட்டு மாமா, மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். இருவரும் ஒரே கோப்பில் எழுதினால் ஒருவர் எழுத்தை ஒருவர் அழிப்பார்களே என்று வெர்ஷன் கண்ட்ரோலையும் கொண்டுவந்தேன். யார், எந்த வரியை, எப்போது, எதற்காக மாற்றினார் என்பதை அது எழுதி வைத்துக்கொள்ளும். அவரவர் பிரதியில் அவரவர் திருத்தலாம். பிறகு இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கலாம். இதை மெர்ஜ் என்பார்கள்.

“நான் தப்பா எழுதிட்டா என்ன செய்ய தம்பி?” என்றார் அண்ணாச்சி.

“பழையபடி திருப்பிக்கலாம் அண்ணாச்சி. எதுவுமே தொலையாது.”

“நம்ம கடைக்கு இப்படி ஒண்ணு இருந்தா, கோயம்புத்தூர்ல மாமனார் பேச்சக் கேட்டு கிளை போட்டத திருப்பிருப்பேன்.”

ஒவ்வொரு திருத்தத்துக்கும் காரணம் எழுத வேண்டும் என்று விதித்திருந்தேன். அண்ணாச்சி எழுதிய காரணங்கள் இப்படிப் போகும்: ‘மாத்தியாச்சு.’ ‘மறுபடி மாத்தியாச்சு.’ ‘சொன்னா கேக்கணும்.’ மாமா எழுதியவை பாங்க் மேலிடத்துக்குப் போகும் குறிப்புகள் போல இருக்கும்: ‘மேற்படி விஷயத்தில், சென்ற வாரம் செம்பூர் இல்லத்தில் நேர்ந்த சங்கடத்தை முன்னிட்டும், இனி அவ்வாறு நேராதிருக்கும் பொருட்டும்…’ ஆபீஸ் போகும் ரயிலில் நின்றபடி இவற்றைப் படிப்பேன். அந்த வருடம் படித்த எந்த நாவலும் இவ்வளவு சுகமாக இல்லை.

அண்ணாச்சி எழுதிய விதிகளில் ஒன்று: ‘ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று கேள். அவர்கள் ரயில் வந்து சேரும்வரை மயானத்தில் நேரம் எடுக்காதே.’ அதற்கு அவர் என்னிடம் வாய்மொழியாகச் சொன்ன விளக்கம்: “எங்க ஆளுவ முகம் பாக்கணும் தம்பி. முகம் பாக்காம எடுத்தா அது தீராத பேச்சு. கல்யாணத்துக்கு வராதவன்கூட அதுக்கு வந்துருவான்.”

சில மாதம் கழித்து மாமா தன் பிரதியில், வேறொரு பத்தியில், எழுதினார்: ‘மயானத்தில் கிடைக்கும் முதல் நேரத்தையே எடுக்கவும். துக்கத்தில் இருப்பவர்களைக் கேள்வி கேட்டு வதைக்க வேண்டாம்.’ அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

“என் ஆம்படையா போன அன்னிக்கு ஆளாளுக்கு ஒரு கேள்வி கேட்டா ஓய். எந்தப் புடவைன்னு கேட்டா. வண்டியிலே யார் யார் ஏறணும்னு கேட்டா. காபிக்குப் பால் எவ்வளவுன்னுகூட ஒருத்தன் கேட்டான். நானும் பதில் சொல்லிண்டு நின்னேன். அழறதுக்கு எனக்கு டயம் கெடைக்கலை, கேட்டேளா?”

இரண்டு பிரதிகளையும் சேர்க்கும் வேலை என்னுடையது. எனக்கு நேரமில்லாததால் அதை இன்னொரு ஏஜெண்டிடம் விட்டிருந்தேன். அது சேர்த்துக் கொடுக்கும். நான் படித்துப் பார்த்து ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த வாரம் அது பணிவாக எழுதியிருந்தது: ‘ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விதிகள் காணப்பட்டன. புதியது தக்கவைக்கப்பட்டது. பழையது நீக்கப்பட்டது.’ குர்லாவில் ஏறுகிற கூட்டம் என்னைக் கதவோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தது. ஒரு கை மேலே கம்பியில். இன்னொரு கையின் கட்டை விரலால் ஒப்புதல் கொடுத்தேன்.

அதே வார இறுதியில் தாராவியில் ஒருவர் செத்துப்போனார். ஐம்பது வயதிருக்கும். மெஸ் ஒன்றில் சமையல்காரர். கல்யாணம் ஆகவில்லை. மாடி அறை ஒன்றில் வேறு இரண்டு பேரோடு தங்கியிருந்தார். சனிக்கிழமை விடிகாலையில் மாவு அரைக்கும் இடத்திலேயே சுருண்டு விழுந்தாராம். ஊரில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு அக்கா. சேதி போனதும் அந்த அம்மாள் அன்று காலையிலேயே திருநெல்வேலியில் ரயில் ஏறிவிட்டார். ஞாயிறு மத்தியானத்துக்குமேல்தான் வந்து சேர முடியும். ஆஸ்பத்திரி காரியங்கள் முடிந்து உடல் கைக்கு வர சனி மாலையானது. சந்து முனையில் ஐஸ் பெட்டியில் வைத்தார்கள்.

அறையில் கூட இருந்தவர்களில் ஒருவர்தான் எங்கள் ஏஜெண்டிடம் பேசியவர். கூரியர் வேலை, முப்பது வயது, தாராவியிலேயே பிறந்தவர். ‘அக்கா ட்ரெயின்ல வராங்க’ என்று குரல் செய்தியில் சொல்லியிருக்கிறார். ஏஜெண்ட் அதைக் கேட்டது, குறித்துக்கொண்டது, ஆறுதல் சொன்னது. பிறகு, கிடைத்த முதல் நேரம் ஞாயிறு காலை என்று தமிழில் எழுதி, மாற்ற வேண்டுமானால் தெரிவிக்கவும் என்றும் சேர்த்து அனுப்பியது. அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. கட்டை விரலைத் தூக்கிய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பிவிட்டார். தமிழ்நாட்டையும் தாராவியையும் தலைமுறைகளாகச் சேர்த்து வைத்திருப்பது ரயில். அதன் நேரம் தெரியாமல் சங்கம் எதையும் செய்யாது என்று அவர் நம்பினார். அப்படி நம்பும்படிதான் அதுவரை சங்கம் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிறு காலை திலக் நகர் வீட்டில் நான் சவரம் செய்துகொண்டிருந்தபோது அண்ணாச்சி கூப்பிட்டார்.

“தம்பி, ஐஸ் பெட்டிக்காரன் வந்து பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டானாம். வண்டியும் வந்து உடம்ப ஏத்திட்டுப் போயிட்டு. அந்தப் பொம்பள இப்பதான் புனே தாண்டுதா. யாருவே எடுக்கச் சொன்னது?”

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பார்ப்போம். நுரைக் கன்னத்தோடு உட்கார்ந்து பார்த்தேன். அண்ணாச்சியின் விதி இருந்த இடத்தில் வெள்ளை. மாமாவின் பெயர். சேர்த்த ஏஜெண்டின் குறிப்பு. அதன் கீழே, ஒப்புதல் என்ற இடத்தில் என் பெயர். திருப்பும் பொத்தானை அழுத்தினேன். நொடியில் பழைய விதி தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏஜெண்ட் இனிமேல் வருகிற எல்லாச் சாவுகளுக்கும் ரயிலுக்காகக் காத்திருக்கும். வண்டி அப்போது சயான் சர்க்கிளைத் தாண்டியிருந்தது.

ஓட்டுநர் போனை எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக், தண்டவாளத்தைப் பழுதுபார்க்க ரயில்களை நிறுத்தும் நாள். எங்கள் ஹார்பர் லைனில் ரயில் இல்லை. ஆட்டோ பிடித்தேன். ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் மழிக்காத முகத்தோடு மயானத்தின் பேரைச் சொன்னதும், ஆட்டோக்காரர் மீட்டரைப் போட மறந்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் என்ன உறவு என்று எண்ணினாரோ.

மயானத்தில் உடலை இறக்கியிருந்தார்கள். கூரியர்காரரும் அவர் அறைக்காரரும் மெஸ்ஸில் இருந்து வந்த நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். கூரியர்காரர் முகம் வெளிறிப்போனது.

“சார், சங்கத்துல ட்ரெயின் டைம் பாத்துட்டுதான் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன் சார். அக்காகிட்ட நான் என்ன பதில் சொல்றது?”

அலுவலக மேஜையில் இருந்த மனிதர் நல்லவர். மராத்தியில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அடுத்து நின்ற குடும்பத்தோடு தானே போய்ப் பேசி, அவர்களை முன்னால் விட்டார். அதற்கடுத்த குடும்பத்திடமும் பேசினார். ஒரு சாவுக்கு இன்னொரு சாவு இடம் விட்டுக்கொடுத்ததை அங்கே பார்த்தேன். பஸ்ஸில்கூட நான் பார்த்ததில்லை.

அண்ணாச்சி அந்த அம்மாளை அழைத்துவர தாணே ஸ்டேஷனுக்கு ஓடியிருந்தார். வழியில் ஏதாவது ஒரு ஸ்டேஷனில் இறக்கி டாக்சியில் கொண்டுவந்துவிடலாம் என்பது திட்டம். அங்கிருந்து போன் செய்தார்.

“தம்பி, ரயிலு கல்யாணுக்கு வெளியில நிக்கு. மெகா பிளாக்குன்னு முன்னால நாலு ரயில நிறுத்தி வச்சிருக்கான். இறங்கி நடந்து வரச் சொல்லவா? அந்தம்மாக்கு இந்தி ஒரு சொல்லு தெரியாது.”

“வேண்டாம் அண்ணாச்சி. எங்கே போய் நிப்பாங்க.”

“எவ்வளவு நேரம் வச்சிருப்பாவ?”

“பார்த்துக்கிட்டிருக்கோம்.”

மே மாத வெயில். தகரக் கூரை. ஐஸ் பெட்டி மாஹிமில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டது. ஐஸ் கட்டி வாங்கிவரப் போனவர் ஒரு பாலித்தீன் பையில் பாதி தண்ணீராகக் கொண்டுவந்தார். அதைப் பக்கத்தில் வைத்தோம். அதனால் பயன் எங்கள் கைகளுக்குத்தான்.

மாமா கூப்பிட்டார். அவரும் தன் வீட்டில் உட்கார்ந்து திருத்த வரலாற்றைத் திறந்து பார்த்திருக்கிறார்.

“ஓய், அதிலே என் பேர்தான் இருக்கு. நானாக்கும் எழுதினது.”

“ஒப்புதல் நான் கொடுத்தேன் மாமா.”

“நீர் கொடுத்தது அப்புறம். மொதல்லே நான். நான் எங்காத்துப் பெரியவாளை நெனச்சு எழுதினேன். ரயில்லே ஒருத்தி வந்துண்டிருப்பாள்னு எனக்குத் தோணவே இல்லை. எங்களுக்கு வரவாள்லாம் பிளேன்லே வருவா, இல்லைன்னா வீடியோலே பாத்துப்பா. அந்த அம்மா வந்தா நான் பேசட்டுமா? தமிழ்லேதானே பேசணும்?”

தமிழில்தான் பேச வேண்டும் மாமா, ஆனால் எந்தத் தமிழில் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பேசலாம் என்றேன்.

இன்னொரு குடும்பமும் எங்களைத் தாண்டிப் போனது. காற்று எங்கள் பக்கம் திரும்பியபோது மெஸ்காரர்கள் தோள் துண்டை மூக்குக்குக் கொண்டுபோனார்கள், உடனே வெட்கப்பட்டு இறக்கினார்கள். அவர்களுக்குச் சாயங்கால வியாபாரத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும். மேஜைக்காரர் வந்து என் தோளைத் தொட்டார். இதற்குமேல் உடலுக்கு நல்லதில்லை, மத்தியானத்துக்குமேல் வரிசை நீளம், அப்புறம் நேரம் இரவில்தான் என்றார். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். ரயில் நின்ற இடத்திலேயே நின்றது.

கூரியர்காரர் என் எதிரில் வந்து நின்றார்.

“சார், சங்கத்துல என்ன சொல்றாங்க?”

என் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தேன். நிஜமாகவே திரும்பிப் பார்த்தேன். ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

“எடுத்துடுங்க,” என்றேன்.

துணியை விலக்கினார்கள். ஆள் குறைவாக இருக்கிறது, நீங்களும் போடுங்கள் என்று என் கையில் அரிசியைக் கொடுத்தார் ஒரு மெஸ்காரர். முன்பின் பார்த்திராத ஒரு மனிதரின் முகத்துக்கு மேல் குனிந்து வாய்க்கரிசி போட்டேன். கூரியர்காரர் போனில் ஒரு படம் எடுத்தார். பிறகு உள்ளே தள்ளினார்கள்.

அந்த அம்மாள் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தலை நரைத்த, ஒல்லியான பெண்மணி. ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில். பின்னால் அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்தார். டாக்சியிலேயே சொல்லிவிட்டிருக்கிறார். பையிலிருந்து புது வேட்டி ஒன்றை எடுத்தார் அந்த அம்மாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். அழவில்லை. வழி முழுக்க அழுது தீர்த்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது.

கூரியர்காரர் போனை நீட்டினார். அந்த அம்மாள் வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். படத்தில் மாலை தாடைவரை மூடியிருந்தது. மிச்சத்தில் வெயில் விழுந்து வெளுத்துக் கிடந்தது.

“யாரோ மாதிரி இருக்கான்,” என்று திருப்பிக் கொடுத்தார். “எப்படியிருந்தான்?”

“தூங்குற மாதிரி இருந்தாருக்கா,” என்றார் கூரியர்காரர்.

“அமைதியா இருந்தாப்ல, தாயி,” என்றார் அண்ணாச்சி.

“நீங்க எங்க பாத்திய? எங்கூடல்லா வந்திய.”

அண்ணாச்சி ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“எடுக்கச் சொன்னது யாரு?”

கூரியர்காரர், “சங்கத்துல…” என்று ஆரம்பித்து என்னைப் பார்த்தார். அந்த அம்மாளும் பார்த்தார். ஏஜெண்ட், மெர்ஜ், ஒப்புதல், மாமாவின் பத்தி எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல என்னிடம் ஆதாரம் இருந்தது. நேரம் முதற்கொண்டு.

“நான்தாம்மா,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். மழித்த பக்கம், மழிக்காத பக்கம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“அப்ப நீங்க பக்கத்துல பாத்திருப்பிய. நீங்க அவனுக்கு வேண்டியவரு இல்ல, எனக்கும் வேண்டியவரு இல்ல. உள்ளபடி சொல்லுங்க. வாயி மூடியிருந்துதா?”

“முழுசா மூடலைம்மா. துணியால கட்டியிருந்தாங்க. கொஞ்சம் திறந்துதான் இருந்தது.”

“கண்ணு?”

“இடது கண் மூடியிருந்தது. வலது கண் ஒரு கோடு அளவு தெரிஞ்சது.”

“நெத்தியில திருநீறு வச்சாவளா?”

“வச்சிருந்தாங்க. வியர்த்த மாதிரி அழிஞ்சிருந்தது. ஐஸ் தண்ணி.”

“செரச்சிருந்தானா?”

“இல்லம்மா. ஒரு வாரத் தாடி. வெள்ளையா இருந்தது.”

“வெள்ளையா?” அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடமே வந்தார். “போன்ல கருகருன்னுல்லா இருப்பான்?”

“தலை கருப்புதான்க்கா,” என்றார் கூரியர்காரர், தயங்கி. “ஞாயித்துக்கெழம உங்ககிட்ட வீடியோ போடறதுக்கு முன்னாடி மை அடிச்சுப்பார். ஷேவும் பண்ணிப்பார். அப்பதான் பண்ணுவார்.”

அந்த அம்மாள் வேட்டியின் மடிப்பைப் பிரித்தார், மறுபடி மடித்தார். இருவருக்கும் எவ்வளவு வயது வித்தியாசம் என்று நான் கேட்கவில்லை. தம்பி நரைத்ததை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார்.

“முழுக்க வெள்ளையா, அங்கங்கேயா?”

“தாடைல முழுக்க வெள்ளை. மீசைல பாதி.”

“அப்பா மாதிரி,” என்றார். உள்ளேயிருந்து யாரோ ஒரு இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணாச்சி தூரமாகப் போய் நின்றுகொண்டார். என் போனில் மாமா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எடுக்கவில்லை.

“காது பாத்தியளா?”

“பஞ்சு வச்சிருந்தாங்க.”

“பஞ்ச விடுங்க. காது எப்படி? கொஞ்சம் வெளிய நீட்டிட்டு இருக்கும்.”

“ஆமாம்மா. நீட்டிக்கிட்டுதான் இருந்தது.”

அது எனக்கு நினைவில்லை. இருந்தது என்றுதான் தோன்றியது. அவர் அதைக் கண்டுகொண்டார் போல. தலையை ஆட்டினார், கோபமில்லாமல்.

“தெரியலேன்னா தெரியலன்னு சொல்லுங்க. பாத்தத மட்டும் சொல்லுங்க. மொதல்ல இருந்து.”

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியிலிருந்து ஆரம்பித்தேன்.